சிங்கையில் வேலை, ஜேபியில் வீடு: 2,200 வெள்ளிக்குப் போகலாமா?

கிந்தா_கரை

வணக்கம். வயது 27, ஊர் ஈப்போ. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளோமா முடித்தேன். மெங்லெம்புவில் ஒரு தொழிற்சாலையில் ஐந்து வருடமாகப் பராமரிப்பு டெக்னீஷியன். ஓவர்டைம் சேர்த்தால் 2,600 ரிங்கிட் வரும். இபிஎஃப் சேமநிதி, சொக்சோ தொழிலாளர் காப்புறுதி பிடித்தது போகக் கையில் 2,300 சொச்சம். அப்பா வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகிறது, தங்கை பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. மாதக் கடைசியில் ஒன்றும் மிஞ்சுவதில்லை.

உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் 2,200 சிங்கை வெள்ளிக்கு வேலை இருப்பதாக இங்கே ஒரு ஏஜெண்டு சொல்கிறார். வேலை அனுமதி, அதாவது ஒர்க் பெர்மிட். அவருடைய கட்டணம் 2,500 ரிங்கிட், பாதியை இப்போதே கட்ட வேண்டுமாம். மாதக் கடைசிக்குள் ராஜினாமா கொடுத்துவிடு என்கிறார். ரிங்கிட்டில் பார்த்தால் ஏழாயிரத்தைத் தொடுகிறது. ஜேபியில், அதாவது எல்லைக்கு இந்தப் பக்கம் ஜொகூர் பாருவில், தங்கிப் போய் வரலாமா, சிங்கையிலேயே அறை எடுப்பதா? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் பெரிய உதவி.

பாலம்தாண்டி

தம்பி, ராஜினாமாக் கடிதத்தை இன்னும் கொடுக்கவில்லையே? கொடுக்காதே. மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம்.

நான் 2014இல் இருந்து போய் வருகிறேன். வீடு தாமான் பெலாங்கி, வேலை செம்பவாங்கில். நான் சேர்ந்தபோது ஒரு சிங்கை வெள்ளி 2.60 ரிங்கிட் அளவில் இருந்தது, இப்போது மூன்றுக்கு மேல். என் அப்பா காலத்தில், 1973 வரை, இரண்டு காசும் ஒன்றுக்கு ஒன்று. கணக்குப் போடும்போது மூன்று என்றே வைத்துக்கொள். அதற்கு மேல் கிடைப்பதைச் சம்பளத்தில் சேர்க்காதே.

உனக்கு முதலில் வேண்டியது ஐபிஏ கடிதம். முதலாளி விண்ணப்பித்து, சிங்கப்பூர் மனிதவள அமைச்சு கொள்கையளவில் ஒப்புதல் தந்தால் வருவது. அதில் நிறுவனத்தின் பெயர், வேலை, அடிப்படைச் சம்பளம், அலவன்ஸ், பிடித்தம் எல்லாம் தனித்தனி வரியாக இருக்கும். நீ அங்கே கால் வைக்கும் முன்பே அதை உன்னிடம் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஏஜெண்டு வாயால் சொன்ன 2,200 அந்தத் தாளில் எந்த வரியில் நிற்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்.

பத்துபஹாட்

அண்ணன் சொன்னதைத் தயவுசெய்து கேளுங்கள். நான் கேட்காமல் பட்டவன்.

2023இல் இப்படித்தான் ஒருவரிடம் 3,000 ரிங்கிட் கட்டினேன். 'பெர்மிட் வந்துகொண்டிருக்கிறது, நீ போய் வேலையை ஆரம்பி' என்று சொல்லிச் சுற்றுலாப் பயணி போலவே உள்ளே அனுப்பினார்கள். ஒரு கிடங்கில் ஒன்பது நாள் மூட்டை இறக்கினேன். பத்தாம் நாள் கூட வேலை செய்த ஒரு பெரியவர், 'தம்பி, உன்னிடம் கார்டு இல்லை, பிடித்தால் உன்னையும் சேர்த்துத்தான் பிடிப்பார்கள்' என்றார். அன்று மாலையே திரும்பிவிட்டேன். பெர்மிட் இல்லாமல் வேலை செய்தால் தொழிலாளிக்கே 20,000 சிங்கை வெள்ளி வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒன்பது நாள் சம்பளமும் போச்சு, 3,000மும் போச்சு. என் மனைவியின் சங்கிலியை அடகு வைத்த பணம் அது.

பணம் கட்டாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

கிந்தா_கரை

அண்ணே, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. எழுதியதற்கு நன்றி. அப்படியானால் ஏஜெண்டு வழியாகப் போவதே தப்பா?

உட்லண்ட்ஸ்_13

தப்பு இல்லை, ஆனால் எந்த ஏஜெண்டு என்பதுதான் கேள்வி. சிங்கப்பூரில் உரிமம் பெற்ற முகவர், ஒரு வருட ஒப்பந்தத்துக்கு ஒரு மாதச் சம்பளம், எத்தனை வருடமானாலும் மொத்தம் இரண்டு மாதச் சம்பளம், அதற்கு மேல் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது. உரிம எண்ணை மனிதவள அமைச்சின் இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம். இந்த உச்சவரம்பு ஈப்போவில் இருக்கும் ஆளைக் கட்டுப்படுத்தாது. அதுதான் ஓட்டை.

முதலாளியே 'வேலை தருகிறேன், இவ்வளவு கொடு' என்று கேட்டால் அது அங்கே குற்றம். 30,000 வெள்ளி வரை அபராதமும் சிறையும் உண்டு. வெளிநாட்டுத் தொழிலாளிக்காக முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டும் லெவியை உங்கள் சம்பளத்தில் பிடிப்பதும், கடப்பிதழை வாங்கி வைத்துக்கொள்வதும் கூடவே கூடாது. விண்ணப்பச் செலவு, மருத்துவப் பரிசோதனைச் செலவு எல்லாம் முதலாளி பொறுப்பு.

என்னைக் கேட்டால், ஜாப்ஸ்ட்ரீட் என்ற வேலைவாய்ப்புத் தளத்தில் நீங்களே தேடுங்கள். நான் அப்படித்தான் வந்தேன். மலேசியர்களுக்கு ஒரு பெரிய வசதி, தயாரிப்பு, சேவை என எந்தத் துறையிலும் பெர்மிட்டில் வேலை பார்க்கலாம், முதலாளி உங்களுக்காகப் பிணைப்பணமும் கட்ட வேண்டாம். அதனால் பல நிறுவனங்கள் மலேசியர்களைத் தேடுகின்றன. அந்தத் தொழிற்சாலையின் பெயர் தெரியுமா? தெரிந்தால் மனிதவளப் பிரிவுக்கு நேராக மின்னஞ்சல் போடுங்கள்.

தங்குவதைப் பற்றி: அங்கேயே அறை எடுங்கள். நான் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில் ஒரு அறையில் இருக்கிறேன், 750 வெள்ளி, தண்ணீர் மின்சாரம் சேர்த்து. காலை ஏழு மணி வேலைக்கு ஆறு பத்துக்கு எழுந்தால் போதும்.

மாசாய்_அக்கா

750 வெள்ளி என்பது ஜேபியில் ஒரு முழுத் தரை வீட்டு வாடகையைத் தாண்டுகிறதே தம்பி. எங்கள் வீட்டுக்கு நாங்கள் கொடுப்பது மாதம் 1,400 ரிங்கிட். மூன்று அறை, வாசலில் கறிவேப்பிலை மரம். நானும் கணவரும் இரண்டு பேருமே போய் வருகிறோம், பிள்ளைகள் இங்கே தமிழ்ப்பள்ளியில் படிக்கிறார்கள். பெர்மிட்டில் இருப்பவர் குடும்பத்தை அங்கே கூட்டி வைக்க முடியாது. அதற்கான சார்ந்திருப்போர் அட்டைக்கு, பெர்மிட்டுக்கு அடுத்த நிலையான எஸ் பாஸோ அதற்கு மேலோ இருக்க வேண்டும், மாதம் 6,000 வெள்ளி நிலையான சம்பளமும் வேண்டும். எங்களைப் போன்றவர்களுக்கு ஜேபி விருப்பமல்ல, அதுதான் வழி.

அந்த வழி எப்படிப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன், யாரும் அழகாக நினைத்துக்கொண்டு வரக் கூடாது. நாலு மணிக்கு எழுந்திருப்பேன். சோறு வைத்து, பிள்ளைகளின் பையைப் பார்த்து, மாமியாரை எழுப்பிச் சொல்லிவிட்டு, நாலே முக்காலுக்குக் கிளம்பினால் ஐந்தே காலுக்கு ஜேபி குடிநுழைவுக் கட்டடம். அங்கே மாடி ஏறி, கடப்பிதழ் காட்டி, இறங்கிப் பேருந்து வரிசை. 950 பிடித்தால் உட்லண்ட்ஸ், 170 அல்லது சிடபிள்யூ1 பிடித்தால் கிராஞ்சி. பாலத்தைத் தாண்டி மறுபடி இறங்கி, சிங்கப்பூர் சோதனைச்சாவடி, மறுபடி வரிசை. ஒரு கிலோமீட்டர் பாலம்தான் தம்பி. நல்ல நாளில் எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரம். வெள்ளிக்கிழமை மாலை திரும்பும்போது இரண்டரை மணி நேரம் நின்றே வந்திருக்கிறேன். பள்ளி விடுமுறை தொடங்கும் நாளில் அதற்கும் மேல்.

தெப்ராவ் ரயில் இருக்கிறது, ஜேபி சென்ட்ரலில் ஏறினால் ஐந்தே நிமிடம், போக 5 ரிங்கிட், வர 5 சிங்கை வெள்ளி. காலை டிக்கெட் கிடைப்பதுதான் பாடு, திறந்தவுடனே வாங்கி முடித்துவிடுகிறார்கள். புக்கிட் சாகாரில் இருந்து உட்லண்ட்ஸ் நார்த்துக்கு ஆர்டிஎஸ் ரயில் வரப்போகிறது, ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் பத்தாயிரம் பேர் போகலாம் என்கிறார்கள். இரண்டு நாட்டுச் சோதனையும் ஏறும் இடத்திலேயே முடிந்துவிடும். அது வந்தால் என் நாளில் ஒரு மணி நேரம் திரும்பக் கிடைக்கும். சின்னவள் தூங்கும் முன் வீடு வந்துவிடலாம்.

பாலம்தாண்டி

மாசாய் அக்கா சொன்ன ஒவ்வொரு வரியும் உண்மை. நான் மோட்டாரில் போவதால் வரிசை குறைவு, ஐந்து மணிக்குக் கிளம்பினால் ஐந்து ஐம்பதுக்கு அந்தப் பக்கம். மழை நாளில் ஆயிரக்கணக்கான மோட்டார்களுக்கு நடுவே வழுக்கும் தரையில் ஊர்ந்து போவது வேறு. வாரநாளில் காலை நேரத்தில் உள்ளே போனால் மோட்டாருக்கு நாளொன்றுக்கு 4 வெள்ளி கட்டணம், வருடத்தில் பத்து நாள் இலவசம். மாலை 5 மணிக்கு மேல் இரவு வேலைக்குப் போகிறவர்களுக்கு அது இல்லை. எல்லையில் கட்டணம் கட்டும் ஆட்டோபாஸ் அட்டையும் சாலை வரியும் காப்புறுதியும் சரியாக இருக்க வேண்டும்.

இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. வேலையிடத்தில் அடிபட்டால் சிங்கப்பூர்ச் சட்டப்படி முதலாளி இழப்பீடு தர வேண்டும். ஆனால் சொந்த மோட்டாரில் வேலைக்குப் போகும் வழியில் விழுந்தால் அந்தச் சட்டம் கைகொடுக்காது. ஈப்போவில் வேலை பார்க்கும்போது போகும் வழிக்கும் சொக்சோ இருந்தது, அந்தப் பழக்கத்தில் இங்கேயும் இருக்கும் என்று நினைத்துவிடாதே. தனி விபத்துக் காப்புறுதி ஒன்று எடுத்துக்கொள். என் நண்பர் ஒருவர் பாலத்தின் பாதியில் விழுந்து ஐந்து மாதம் படுத்திருந்தார். அந்த ஐந்து மாதமும் நாங்கள்தான் காசு சேர்த்துக் கொடுத்தோம்.

உட்லண்ட்ஸ்_13

> 750 வெள்ளி என்பது ஜேபியில் ஒரு முழுத் தரை வீட்டு வாடகையைத் தாண்டுகிறதே

உண்மைதான் அக்கா, குடும்பம் இருப்பவர்களுக்கு ஜேபிதான். நான் தனி ஆள் கணக்கைச் சொல்கிறேன். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் பயணம் என்றால் மாதம் 26 நாளுக்கு 78 மணி நேரம். சட்டப்படி ஒரு மாதத்தில் செய்யக்கூடிய ஓவர்டைமே 72 மணி நேரம்தான். அதாவது ஒருவர் முழு ஓவர்டைம் செய்யும் அளவு நேரத்தைப் பாலத்திலேயே செலவழிக்கிறார். வாடகையில் மிச்சம் பிடித்ததை ஓவர்டைமில் விட்டுவிடுகிறோம். இரண்டு வருடம் ஜேபியில் இருந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன், அந்த இரண்டு வருடமும் ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தூங்கிய நினைவு மட்டும்தான் இருக்கிறது.

பாலம்தாண்டி

இதை நான் மறுக்க மாட்டேன் தம்பி. ஆனால் எனக்கு வேறொரு நினைவு இருக்கிறது.

2020 மார்ச் 16 இரவு, நாளை மறுநாள் எல்லை மூடுகிறது என்று செய்தி. மறுநாள் ஒரு பையில் நாலு சட்டை எடுத்துக்கொண்டு போனேன், இரண்டு வாரம்தானே என்று. அந்த முதல் இரவு தங்க இடம் கிடைக்காமல் கிராஞ்சி எம்ஆர்டி நிலையத்தின் பக்கத்தில் தரையில் படுத்தவர்கள் இருந்தார்கள். என் முதலாளி தொழிற்சாலை மாடியில் பாய் போட்டுக் கொடுத்தார். ஆகஸ்ட் 17இல் ஒரு ஏற்பாடு வந்தது, 90 நாள் அங்கேயே இருந்து வேலை செய்தால்தான் ஒரு முறை வீட்டுக்கு வர முடியும். என் மகள் நடக்கத் தொடங்கியதைக் கைப்பேசியில்தான் பார்த்தேன். 2022 ஏப்ரல் 1ஆம் தேதிதான் பழையபடி பாலத்தைத் தாண்டினேன்.

இதற்காகப் போகாதே என்று சொல்லவில்லை. மூன்று மாதச் செலவுப் பணத்தைச் சிங்கை வெள்ளியாகவே ஒரு கணக்கில் தொடாமல் வை. வந்ததை எல்லாம் மாற்றி ஊருக்கு அனுப்பிவிட்டுக் கையில் ஒன்றுமில்லாமல் நிற்காதே.

பேரேடு

நான் ஜேபியில் கணக்கர். இப்படிப் போய் வருகிறவர்கள் பலருக்கு வரிக் கணக்கு பார்த்துக் கொடுக்கிறேன். அந்த 2,200 பற்றி யாரும் பிரித்துப் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஓவர்டைம் அடிப்படைச் சம்பளத்தில்தான் கணக்கிடப்படும். மாத அடிப்படையைப் பன்னிரண்டால் பெருக்கி, 52 வாரம், வாரம் 44 மணி நேரம் என்று வகுத்தால் ஒரு மணி நேரச் சம்பளம். அதன் ஒன்றரை மடங்கு ஓவர்டைம். அடிப்படை 2,200 என்றால் ஓவர்டைம் மணிக்கு 17.31 வெள்ளி. அடிப்படை 1,600, மீதி 600 ஷிஃப்ட் அலவன்ஸ், வருகை அலவன்ஸ் என்று இருந்தால் மணிக்கு 12.59தான். மாதம் 60 மணி நேரம் செய்தால் வித்தியாசம் 280 வெள்ளிக்கு மேல். வருகை அலவன்ஸ் ஒரு நாள் காய்ச்சலில் படுத்தாலே போய்விடும் என்று எழுதியிருப்பார்கள். 'மொத்தம் 2,200' என்று ஏஜெண்டு சொல்வதில் ஓவர்டைமே கலந்திருக்கலாம். அப்படி ஐந்தாறு பேரைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது சேமநிதி. பெர்மிட்டில் இருப்பவருக்கு சிங்கப்பூரின் சேமநிதியான சிபிஎஃப் கிடையாது. சம்பளம் முழுசாகக் கைக்கு வருகிறது என்று சந்தோஷப்படுவார்கள். ஆனால் ஈப்போவில் உங்கள் முதலாளி உங்கள் பேரில் 13 விழுக்காடு இபிஎஃப் போட்டுக்கொண்டிருந்தார், அது நின்றுவிடும். நாற்பது வயதில் என்னிடம் வந்து, பதினைந்து வருடம் சிங்கையில் உழைத்தேன், இபிஎஃப் கணக்கில் பழைய 11,000 ரிங்கிட்தான் இருக்கிறது என்று உட்கார்ந்தவர்கள் இருக்கிறார்கள். அந்த முகத்தைப் பார்த்து என்ன சொல்வது? இபிஎஃப்பில் நாமாகவே போடலாம், வருடத்துக்கு ஒரு லட்சம் ரிங்கிட் வரை இடம் உண்டு. முதல் சம்பளத்தில் இருந்தே மாதம் 700 ரிங்கிட் போடுங்கள். இரண்டாம் சம்பளத்தில் ஆரம்பிக்கலாம் என்று விட்டவர்கள் ஆரம்பித்ததில்லை.

வருமான வரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வருடத்தில் 183 நாளாவது அங்கே வேலையில் இருந்தால் குடியிருப்பாளர் விகிதம். முதல் 20,000 வெள்ளிக்கு வரி இல்லை, அடுத்த 10,000க்கு 2 விழுக்காடு. உங்கள் சம்பளத்துக்கு வருடம் ஒன்றிரண்டு நூறு வெள்ளிக்குள் முடியும். குறைந்த நாள் இருந்துவிட்டு வந்தால் பொதுவாக 15 விழுக்காடு, ஆண்டுக் கடைசியில் சேர்கிறவர்கள் இதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வேலையை விடும்போது வரி முடியும்வரை கடைசிச் சம்பளத்தை முதலாளி நிறுத்தி வைப்பார், அது ஏமாற்று அல்ல, சட்டம்.

பத்துபஹாட்

அந்த வருகை அலவன்ஸ் விஷயம் என் தம்பிக்கு அப்படியே நடந்திருக்கிறது. நன்றி ஐயா, இதை அவனுக்கு அனுப்பி வைக்கிறேன்.

தஞ்சோங்_மாலிம்

இடையில் ஒரு கேள்வி. நான் கணினித் துறைப் பட்டதாரி, பெர்மிட்டா எஸ் பாஸா?

உட்லண்ட்ஸ்_13

பட்டமும் அனுபவமும் இருந்தால் இபி என்கிற எம்ப்ளாய்மென்ட் பாஸுக்குப் பாருங்கள். 2025 ஜனவரியில் இருந்து குறைந்தது 5,600 வெள்ளி, வயது கூடக் கூட அதுவும் கூடும். கம்பாஸ் என்ற புள்ளி முறையில் 40 எடுக்க வேண்டும். எஸ் பாஸுக்கு 2025 செப்டம்பரில் இருந்து 3,300. எஸ் பாஸில் நிறுவனத்துக்கு ஒதுக்கீட்டு வரம்பு இருப்பதால், 'எஸ் பாஸ் இடம் இருக்கிறதா' என்று நேர்காணலிலேயே கேட்டுவிடுவது நல்லது. மேற்கொண்டு தனி இழை தொடங்குங்கள், இந்தத் தம்பியின் விஷயம் முடியட்டும்.

கிந்தா_கரை

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லாருடைய பதிலையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். பாலம்தாண்டி அண்ணன் 2020 பற்றி எழுதியதைக் கேட்டு அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

ஏஜெண்டிடம் பணம் கட்டவில்லை. தொழிற்சாலையின் பெயரைக் கேட்டேன், சொல்ல மறுத்தார். அதோடு விட்டுவிட்டேன். ஜாப்ஸ்ட்ரீட்டில் பதினேழு இடத்துக்குப் போட்டு, மூன்று அழைப்பு வந்தது. ஒன்றில் வீடியோ நேர்காணல், அப்புறம் நேரில் கூப்பிட்டார்கள். வேலை வழங்கும் கடிதத்தில் அடிப்படை 1,700, அலவன்ஸ் 450 என்று இருந்தது. பேரேடு ஐயா சொன்ன கணக்கை ஒரு தாளில் போட்டுக்கொண்டு போய், அடிப்படையைக் கூட்ட முடியுமா என்று கேட்டேன். கை நடுங்கியது, ஆனாலும் கேட்டேன். 1,950 அடிப்படை, 250 ஷிஃப்ட் அலவன்ஸ், வருகை அலவன்ஸ் தனியாக எதுவும் இல்லை என்று மாற்றிக் கொடுத்தார்கள். நேற்று ஐபிஏ வந்தது. அதே எண்தான் இருக்கிறது. இன்று காலை இங்கே ராஜினாமா கொடுத்துவிட்டேன்.

முதல் மூன்று மாதம் உட்லண்ட்ஸில் அறை எடுத்து, வேலை பிடிபட்ட பிறகு ஜேபிக்கு மாறலாம் என்று நினைக்கிறேன். மோட்டாரையும் கொண்டுபோகலாமா?

உட்லண்ட்ஸ்_13

மிக்க மகிழ்ச்சி! அடிப்படையைக் கேட்டு வாங்கியது பெரிய விஷயம்.

மூன்று மாதம் நடக்காது. வீவக வீட்டை ஆறு மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடக் கூடாது, அறைக்கும் அதே விதி. 'மூன்று மாதம் பரவாயில்லை, பேர் பதிய வேண்டாம்' என்று யாராவது சொன்னால் அங்கே போகாதீர்கள், பிரச்சினை வந்தால் வெளியே நிற்பது நீங்கள்தான். ஆறு மாதத்துக்கே எடுங்கள். மோட்டார் வேண்டாம், அங்கே குடியிருப்பவர் மலேசியப் பதிவு வண்டியை அங்கே ஓட்ட முடியாது. ஜேபிக்கு மாறும்போது கொண்டுவரலாம்.

வேறு இடத்தில் பகுதிநேர வேலை, உணவு டெலிவரி என்று யாராவது கூப்பிட்டால் போய்விடாதீர்கள். பெர்மிட்டில் எழுதியிருக்கும் முதலாளியிடம் மட்டும்தான் வேலை செய்யலாம்.

பேரேடு

சம்பள ரசீது ஒவ்வொரு மாதமும் கேட்டு வாங்கிச் சேர்த்து வையுங்கள், கொடுப்பது அவர்கள் கடமை. சம்பளம், மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் வர வேண்டும். வராவிட்டால் முத்தரப்புப் பூசல் தீர்வு அமைப்பில் புகார் செய்யலாம். வேலையில் இருக்கும்போது ஒரு வருடத்துக்குள், விட்ட பிறகு ஆறு மாதத்துக்குள். காலம் கடந்தால் எடுக்க மாட்டார்கள்.

மாசாய்_அக்கா

ஞாயிற்றுக்கிழமை இந்தப் பக்கம் வந்தால் சொல்லு தம்பி, வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். உன் கடப்பிதழில் இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது?

கிந்தா_கரை

கட்டாயம் வருகிறேன் அக்கா. இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். பதினொரு மாதம் இருக்கிறது. போதும்தானே?

மாசாய்_அக்கா

போதாது. பெர்மிட் இரண்டு வருடம் வரை தருவார்கள், ஆனால் கடப்பிதழ் முடியும் தேதியைப் பார்த்துத்தான் அந்தக் காலத்தை வைப்பார்கள். பத்து மாதத்தில் மறுபடி முதலில் இருந்து ஓட வேண்டியிருக்கும். நிறுவனத்துக்கு இன்றே எழுதி, கடப்பிதழ் எண் மாறப்போகிறது, அமைச்சில் எப்படித் திருத்தப் போகிறீர்கள் என்று கேட்டு வைத்துக்கொள். அவர்கள் சரி என்றவுடன் ஈப்போவிலேயே புதுப்பித்துவிடு, ஐந்து வருடத்துக்கு 200 ரிங்கிட்.

கிந்தா_கரை

மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன் அக்கா. பதில் வந்ததும் காலையில் முதல் ஆளாகக் குடிநுழைவு அலுவலகத்தில் நிற்கிறேன்.